வீடு வாங்குகிறவர் பார்க்க வேண்டிய சாஸ்திரம்

சென்ற மாதம் நாம் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சில கூட்டங்களுக்காகப் போயிருந்த சமயம், ஒரு தோழர் நம்மிடம் வந்து, தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் தாம் ஒரு வீடு வாங்கப் போவதாகவும், அதை நாம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இந்தத் தோழர் 12 வருஷ காலம் பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து, வளைகுடா நாட்டு வெயிலில் லாரி ஓட்டிச் சம்பாதித்தவர். நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர். தம்முடைய கலியாணத்தைப் புரோகிதர் இல்லாமல் நடத்திக்கொண்டவர். அப்படிப்பட்டவர் வீட்டைப் பற்றி நமக்குச் சொன்ன முதல் சேதி என்னவென்றால், "அய்யா, வாஸ்து எல்லாம் பார்த்தாய்விட்டது. எனக்கு நம்பிக்கை இல்லை; அம்மாதான் கேட்கவில்லை. ஆள் வந்து பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்" என்பதுதான்.

"அதற்கு என்ன கொடுத்தீர்?" என்றோம். பதினைந்தாயிரம் ரூபாயும் ஒரு ஜோடி வேட்டியும் என்றார். "இஞ்சினியர் யாராவது வந்து பார்த்தாரா?" என்றோம். "அவர் அய்யாயிரம் கேட்டார். நாலு சுவரைப் பார்த்துச் சொல்ல அய்யாயிரமா என்று விட்டுவிட்டேன்" என்றார்.

வீட்டுக்குள் போனோம். வாசலில் பசுமையான புதுச் சாயம். கூடத்தில் வெள்ளை வெளேரென்ற புதுச் சுண்ணாம்பு. சமையலறையில் நின்று, மூலையில் கிடந்த ஒரு கம்பை எடுத்து மேல்தளத்தை நாலு இடத்தில் தட்டினோம். மூன்றாவது தட்டில் முறம் அகலத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பொத்தென்று விழுந்தது. உள்ளே இருந்த கம்பி, கம்பியாக இல்லை. ஏடு ஏடாக உரிந்த துருவாக இருந்தது. வாஸ்துக்காரர் அந்த அறையில், அதே இடத்தில் நின்றுதான் "அக்கினி மூலை பிரமாதமாக அமைந்திருக்கிறது" என்று சொன்னாராம்!

தோழர்களே! மூலை பிரமாதம், தலைக்கு மேலே தளம் இல்லை. இந்த ஒரு காட்சியிலே நாம் சொல்ல வந்தது எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு ஏழையோ, நடுத்தரக் குடும்பத்தானோ, தன் ஆயுளில் செய்கிற மிகப் பெரிய செலவு வீடுதான். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கிற மனிதன், மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனிதன், ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது மாத்திரம் திசையைப் பார்க்கிறான், திதியைப் பார்க்கிறான்; வீட்டைப் பார்ப்பதில்லை. இது கடவுள் நம்பிக்கை சம்பந்தமான விவகாரம் மாத்திரமல்ல. உயிரும் பொருளும் சம்பந்தமான விவகாரம்.

தெற்கு வாசல் வைத்தால் மூத்த பிள்ளைக்கு ஆகாது, ஈசானிய மூலையில் கக்கூசு இருந்தால் குடும்பம் விளங்காது என்பதாகச் சொல்லுகிறார்கள். அப்படியானால் கீழக்கரையில் நூற்றுக்கணக்கான முஸ்லிம் வீடுகள் இந்த விதிகளைக் கேட்காமலே கட்டப்பட்டிருக்கின்றனவே, அங்கெல்லாம் மூத்த பிள்ளைகள் இல்லையா? பாம்பனில் கிறிஸ்தவ மீனவர்களின் வீட்டு வாசல்கள் எல்லாம் மனையடி சாஸ்திரத்தைப் பார்த்தா திரும்பியிருக்கின்றன? நெருப்பு சுடும் என்றால் எல்லா மதத்தானையும் சுடும். சாஸ்திரம் மட்டும் நம்புகிறவனைத் தேடிப்பிடித்துச் சுடுமானால், அதை நம்பாமலிருப்பதே நல்ல பரிகாரம் அல்லவா?

"வெளிச்சம், காற்று வருவதற்காகத்தான் பெரியவர்கள் அப்படி எழுதிவைத்தார்கள்" என்று படித்த சிலர் இதற்குச் சமாதானம் சொல்லுகிறார்கள். நல்லது, வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று நேராகச் சொல்லட்டும். ஜன்னலைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகும். அதற்குப் பிள்ளைச் சாவைக் காட்டி மிரட்டுவது எதற்கு? மிரட்டல் இல்லாவிட்டால் பதினைந்தாயிரம் வராது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு நாம் தனுஷ்கோடியை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22, 23 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் புயலும் கடலும் சேர்ந்து அந்த ஊரையே எடுத்துக்கொண்டன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. பிறகு சர்க்கார் அந்த ஊரை மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் போய்ப் பாருங்கள். மாதா கோயிலின் சுவர் கூரையில்லாமல் நிற்கிறது. அலை எந்த வாசலின் திசையையும் விசாரிக்கவில்லை. கோதண்டராமர் கோயில் மட்டும் தப்பியதே, அது சாமியின் சக்தி அல்லவா என்பார்கள். சக்திதான் என்றால், அந்தச் சக்தி தன் கட்டடத்தைக் காப்பாற்றிக்கொண்டு ரயிலில் வந்தவர்களைக் கைவிட்டது என்றல்லவா ஆகிறது? அறிவுள்ளவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கட்டடம் நிற்கிற மண் எப்படி, மேடு எவ்வளவு, அஸ்திவாரம் எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கமாக ஏறி வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு வரும் பதில் அடுத்த வீட்டைக் காப்பாற்றும். "சாமி சக்தி" என்ற பதில் ஒரு செங்கல்லையும் காப்பாற்றாது.

நிற்க. வீட்டில் பார்க்க வேண்டியதுதான் என்ன? ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம்.

முதலாவது இரும்பு. இந்தக் கடலோரம், உலகத்திலேயே இரும்பு மிகச் சீக்கிரம் துருப்பிடிக்கிற இடங்களில் ஒன்று. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். ரயில்வேக்காரர்கள் ஆள் வைத்து, சாயம் அடித்து, துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் காப்பாற்றிய பாலம் அது. அப்படியும் உப்புக் காற்று அதைத் தின்று தீர்த்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் விடுவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷ வர்ணப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்குத் தேங்காய் உடைத்தால் போதும் என்று எந்த இஞ்சினியரும் இருந்துவிடவில்லை. பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தும் புத்தி எப்படி வந்தது? பரிசோதனை செய்ததால் வந்தது. வீட்டுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டியவர் வாங்குகிற நீங்கள்தான்.

இதன் சூட்சுமம் வருமாறு. நல்ல சிமெண்டுக் கலவை காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம், உள்ளே இருக்கும் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்பை உண்டாக்கி, துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறது. உப்பு உள்ளே புகுந்தால் அந்தக் காப்பு உடைகிறது. கம்பி துருவாகிறது, துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அது ஊதி, மேலே உள்ள கலவையைப் பிளந்து தள்ளுகிறது. உப்பு எப்படி வருகிறது? காற்றில் வருகிறது. கடல் மணலைக் கலந்து கட்டினால் மணலில் வருகிறது. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை குழைத்தால் தண்ணீரில் வருகிறது. கம்பிக்கு மேலே போதிய கனத்துக்குக் கலவை இருந்தால் உப்பு உள்ளே போய்ச் சேர வெகுகாலம் ஆகும். நம் நாட்டு இந்தியத் தரவிதி (ஐ.எஸ். 456, 2000-ஆம் வருஷத்தியது) சாதாரண உள்நாட்டு வீட்டில் கம்பிக்குமேல் 20 மில்லிமீட்டர் கனம் போதும் என்கிறது, கடலோரக் காற்றுக்கு 45, கடல் திவலையே வந்து படுகிற இடத்துக்கு 50 என்கிறது. உள்ளூர் வீட்டுக் கணக்கிலே கடற்கரை வீட்டையும் கட்டிவிட்டுப் போகிறவர்கள் அநேகம் பேர். பத்துப் பதினைந்து வருஷத்தில் தளம் உதிர்வது விதியால் அல்ல. அந்த 25 மில்லிமீட்டர் குறைவால்.

ஆகவே, விற்பதற்கு முந்திய மாதம் அடித்த புதுச் சாயத்தைக் கண்டு மயங்காதீர்கள். அதை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை, குளியலறை, ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேட், மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள் ஆகிய நாலு இடத்தையும் முதலில் பாருங்கள். பழுப்புக் கறை நேர்க்கோடாக ஓடினால் அதன் பின்னால் கம்பி அழுகிறது என்று அர்த்தம். கம்பால் தட்டினால் கெட்டியான இடம் கிண்ணென்று கேட்கும். கழன்ற இடம் பொள்ளலாகக் கேட்கும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. வீட்டின் எந்தப் பக்கம் கடலைப் பார்த்திருக்கிறதோ, அந்தப் பக்கத்துச் சுவரை இரண்டு தடவை பாருங்கள். தெற்கே மன்னார் வளைகுடாவையும் வடக்கே பாக் நீரிணையையும் ஆண்கடல், பெண்கடல் என்று பேர் வைத்துப் பேசுகிறார்கள். இரண்டு கடலிலும் உப்பு ஒன்றுதான்.

இதற்குமேல் இஞ்சினியர் வேலை. அவர் கலவையைச் சற்றுக் கொத்தி, பினாஃப்தலீன் என்ற மருந்தைத் தெளிப்பார். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் மிச்சமிருக்கிறது. நிறம் மாறாவிட்டால் காரம் போய்விட்டது. உப்பு எவ்வளவு என்பதற்குக் கலவையைத் துளைத்துத் தூளெடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். மின்சாரத்தையும் அவரையோ, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனையோ கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைக்கும் கருவி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் கரண்ட் நிற்கிறதா என்று கேளுங்கள். ஈரச் சுவரும் கெட்ட ஒயரும் சேர்ந்தால் எமகண்டம் பார்க்காமலே எமன் வருவான்.

இரண்டாவது தண்ணீர். இராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. சுற்றிலும் கடல் இருக்க, உள்ளே நல்ல தண்ணீர் ஊறுவது அற்புதம் என்கிறார்கள். அற்புதம் ஒன்றும் இல்லை. மணலில் இறங்கிய மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீரைவிட இலேசானது. ஆகையால் பூமிக்குள்ளே உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அய்ரோப்பியர்கள் கண்டறிந்த கணக்கு. இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு அடி குறைத்தால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறி வரும். ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்பது இந்த மணல் தீவில் நேர் எதிராக முடியும்.

எனவே விற்கிறவர் மார்கழி மாதத்தில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "கற்கண்டு மாதிரி இருக்கிறது பாருங்கள்" என்றால் நம்பிவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் எடுத்துப் பாருங்கள். குடிதண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரவிதி. சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சின்னக் கருவி அதைக் காட்டிவிடும். முழுப் பரிசோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கிணற்றுக்கும் கக்கூசுத் தொட்டிக்கும் இடையே தூரத்தை அளந்து பாருங்கள்; பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்து அளக்க வேண்டும். மணல் பூமியில் அது 15 மீட்டருக்குக் குறைந்தால் அந்தக் கிணறு எந்த மூலையில் இருந்தாலும் ஆபத்துதான். வாஸ்துக்காரர் மூலையைச் சொல்லுவாரே தவிர, தூரத்தைச் சொல்ல மாட்டார்.

மூன்றாவது மழையும் கடலும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்றைக்கு இந்த வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று விற்கிறவரைக் கேட்காதீர்கள்; எதிர்வீட்டுக் கிழவியைக் கேளுங்கள். அவருக்குத் தரகு கிடையாது. பிறகு அந்த மனை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். 1991-லும், பிறகு 2011, 2019 வருஷங்களிலும் மத்திய சர்க்கார் போட்ட விதிகள் கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லுகின்றன. தடுத்த இடத்தில் கட்டிய வீட்டை உங்கள் தலையில் கட்டிவிட்டு அவர் போய்விடுவார். நோட்டீசு உங்கள் பேருக்கு வரும்.

நாலாவது பத்திரம். அநேகர் "ரிஜிஸ்தர் ஆகிவிட்டது" என்றால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பத்திரம் பதிவானதற்குத்தான் பதிவு சாட்சியே ஒழிய, விற்றவனுக்கு உரிமை இருந்தது என்பதற்குச் சாட்சி அல்ல. ஆகவே குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே செல்போனில் பார்க்கலாம். பட்டாவையும், புலப்படத்தையும் எடுத்து, சங்கிலி பிடித்து அளந்து பாருங்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசல் இல்லை, நகல்தான் இருக்கிறது என்றால் அசல் எந்த வட்டிக்காரர் பெட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள். பவர் வாங்கியவன் விற்கிறான் என்றால், பவர் கொடுத்தவன் உயிரோடிருக்கிறானா என்று பாருங்கள். பவர் பத்திரத்தையே கிரயமாக எண்ணி வாங்குவது உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. சேத்திர ஸ்தலமாகையால் அந்த நிலம் கோயிலுக்கோ, சத்திரத்துக்கோ, வக்புக்கோ சேர்ந்ததா என்பதையும் விசாரிக்க வேண்டும். 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி, கமிஷனர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. சாமியை நம்பி வாங்கியவருக்கும் விலக்கு இல்லை.

இதில் இன்னொரு முக்கியமான சங்கதி இருக்கிறது. வீட்டுக்காரர் அய்ந்து வருஷத்துக்கு முன் இறந்துபோனார். இப்பொழுது இரண்டு மகன்கள் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் எங்கே? 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்ணுக்கும் ஆணோடு சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது, குடும்பம் கெட்டுவிடும் என்று கூச்சலிட்டார்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்திலும் சம பங்கு என்று நம் தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதற்கும் 2005-லும் சட்டமாயிற்று. முஸ்லிம் வீட்டிலும் கிறிஸ்தவர் வீட்டிலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு. அளவுதான் மதத்துக்கு மதம் வேறு. ஆகவே மகள் கையெழுத்து இல்லாத பத்திரம் ஓட்டையுள்ள தோணி. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பேருக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் தோழர் விஷயத்துக்கு வருவோம். அந்த வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். செத்துப்போன தகப்பனுக்கு மகன் இருவர், மகள் ஒருவர். விற்பவர்கள் மகன் இருவர் மட்டுமே. விசாரித்ததில், "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோமே" என்றார்கள். நாம் தோழரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். வரும் வழியில் அவரே சொன்னார்: அவர் தகப்பனார் வைத்துவிட்டுப் போன வீட்டை விற்றுத்தான் இந்த வீட்டுக்கு முன்பணம் திரட்டியிருக்கிறார், தம் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார், ஒரு காசும் கொடுக்கவில்லை. தங்கையும் கேட்கவில்லையாம். கேட்காத பெண்ணைத்தானே நாம் நல்ல பெண் என்று பழக்கி வைத்திருக்கிறோம்!

அவரை மட்டும் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. மேடையில் நாம் பேசுகிறோம். வீட்டில் அம்மா சொன்னாள் என்று வாஸ்துக்காரரை அழைக்கிறோம், வழக்கம் என்று தங்கையை விட்டுவிடுகிறோம். நம் இயக்கத்துக்குள்ளேயே வாசலுக்கு வெளியே ஒரு கொள்கை, உள்ளே ஒரு கொள்கை இருந்தால் மற்றவர்களைக் கேட்க நமக்கு யோக்கியதை ஏது?

தோழர் அந்த வீட்டை வாங்கவில்லை. கொடுத்திருந்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த நஷ்டத்தைவிட, வாங்கியிருந்தால் அந்தச் சமையலறையில் நின்றிருக்க வேண்டிய அவருடைய மனைவியின் தலை பெரிது என்று அவருக்கு இப்பொழுது தெரிகிறது. மிச்சப் பணத்தில் முதலில் தங்கையின் பங்கைக் கொடுத்துவிட்டு, பிறகு சின்னதாக ஒரு வீடு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். செய்கிறாரா என்று பார்ப்போம்.

ஆகவே, வீடு வாங்கப் போகும் பொதுஜனங்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். நல்ல நாள் பார்க்கிற நேரத்தில் நல்ல மழை நாளாகப் பார்த்து ஒருதரம் வீட்டுக்குப் போங்கள். வாஸ்துக்காரருக்குக் கொடுப்பதை இஞ்சினியருக்கும் வக்கீலுக்கும் கொடுங்கள். அவர்கள் சொல்வதையும் அப்படியே நம்பாமல், ஏன் என்று கேளுங்கள். ஒரு கம்பு, ஒரு அளவுநாடா, ஒரு தண்ணீர்க் கருவி, ஒரு வில்லங்கச் சான்று, எதிர்வீட்டுக் கிழவி. இவ்வளவும்தான் வீடு வாங்குகிறவனுக்கு வேண்டிய பஞ்சாங்கம். இதற்குமேல் யாராவது மூலையைக் காட்டி மிரட்டினால், அந்த மூலையில் அவரையே நிற்கவைத்து, மேல்தளத்தைக் கம்பால் தட்டிப் பாருங்கள். முதலில் ஓடுகிறவர் அவராகத்தான் இருப்பார்.